படிக்கட்டில் யப்பானியப் பெண்கள்

அல்ப்ஸ் மலையை நான் வருடக்கணக்காகக் கரும்பலகையில் கீறியவள். கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்தேன். எந்த ஆறு எந்தப் பனிமலையில் பிறக்கிறது, எந்தச் சுரங்கப்பாதை எங்கே போய் வெளியே வருகிறது என்றெல்லாம் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லுவேன். அப்படிப்பட்ட ரீச்சர், எண்பதுகளின் நடுவில் ஒரு நவராத்திரிக் காலத்தில் சுவிற்சர்லாந்தில் போய் இறங்கி, முதலில் பெட்டியைத் தொலைத்தேன். பிறகு என்னையே தொலைத்தேன்.

பெட்டி போனது விமான நிலையத்தில். மற்ற எல்லோருடைய பெட்டிகளும் சுற்றிச் சுற்றி வந்து முடிந்து, கடைசியில் பட்டி வெறுமையாக ஓடியது. மேசையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "உங்கள் பெட்டி வேறு நாட்டுக்குப் போயிருக்கும், கவலைப்படாதீர்கள்" என்றாள். அதற்குக் கவலைப்படாமல் வேறு எதற்குக் கவலைப்படுவது? அந்தப் பெட்டிக்குள்தான் என் தங்கை நளினி கேட்டனுப்பிய சரஸ்வதி படம் இருந்தது. கண்ணாடி உடையாமல் துவாயால் சுற்றி, இரண்டு சேலைகளுக்கு நடுவில் பக்குவமாக வைத்திருந்தேன். கூடவே அவல், கடலை, ஒடியல்மா, மிளகாய்த்தூள்.

நளினியும் அவளுடைய கணவர் குலமும் எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகப் போனவர்கள். துன் என்ற ஏரிக்கரை ஊரில் இருந்தார்கள். அவர்களுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. "சுகம், சுகம் எண்டுதான் எழுதுறாள். உண்மையிலை சுகமோ எண்டு நீ ஒருக்காப் போய்ப் பார்" என்று யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா எழுதியிருந்தார். நான் போனதற்கு அதுதான் காரணம். சரஸ்வதி படம் இரண்டாவது காரணம்.

பேர்ணில் ரயில் மாறி ஏறியதும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ரயில் ஏரியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு அம்மா கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். "துன்?" என்று கேட்டேன். ஊசியால் எனக்குப் பின்பக்கம் காட்டினார். துன் எப்போதோ கடந்துவிட்டது. அடுத்த நிலையத்தில் அவரும் என்னோடு இறங்கி, கையைப் பிடித்து எதிர்ப்பக்க மேடைக்குக் கூட்டிப் போய், ஒரு அப்பிளைச் சின்னக் கத்தியால் வெட்டி எனக்குப் பாதி தந்தார். அதற்குள் அவருடைய ரயில் போய்விட்டது.  அவர் மேடையில் கிடந்த வாங்கில் இருந்துகொண்டு மீண்டும் பின்னத் தொடங்கினார்.

துன்னில் நளினி மேடையிலேயே நின்றாள். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன்.

"மாப் எல்லாத்தையும் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு வந்தனீங்களோ, அக்கா?" என்றாள்.

"வாயை மூடு. பெட்டியும் இல்லை" என்றேன். அப்போதுதான் இரண்டு பேரும் அழுதோம்.

அவள் வேலை செய்தது ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன விருந்தினர் விடுதியில். அதன் சொந்தக்காரி எழுபதைத் தொட்ட ஒரு விதவை, பிறவ் கெல்லர். பிறவ் என்பது நம்முடைய மிஸிஸ். அறைகள் துப்பரவாக்குவது, படுக்கை மாற்றுவது, காலைச் சாப்பாட்டுக் கோப்பைகள் கழுவுவது எல்லாம் நளினி. மேலே கூரைக்குக் கீழே இருந்த அறையை அவர்களுக்குக் குடியிருக்கத் தந்திருந்தார். குலம் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் கோழி வெட்டினார்.

அந்த வீட்டின் படிக்கட்டில்தான் யப்பானியப் பெண்களை நான் முதன்முதல் கண்டேன்.

வாசலில் இருந்து மேல்மாடி வரைக்கும், படியேறும் பக்கச் சுவர் முழுக்கப் படங்கள். மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கொரு பலகையாகத் தாளில் அச்சடித்தவை என்று நளினி சொன்னாள். எல்லாவற்றிலும் பெண்கள். வீட்டுக்குள் இருக்கும் பெண்கள். ஒருத்தி ஒரு செவ்வந்திக் கொப்பைக் கிண்ணத்தில் எப்படி நிறுத்துவது என்று யோசிக்கிறாள். ஒருத்தி தேத்தண்ணிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறாள். இரண்டு பேர் உட்பக்கம் சித்திரம் தீட்டிய சிப்பிகளைப் பரப்பி வைத்துச் சோடி தேடுகிறார்கள். ஒருத்தி வாசனைப் புகையை முகர்ந்து, கண்ணைப் பாதி மூடி, இது எந்தக் கட்டை என்று கண்டுபிடிக்கும் விளையாட்டில் இருக்கிறாள். இன்னும் இரண்டு பேர் சீட்டு விளையாடுகிறார்கள். ஒருத்தியின் கை சீட்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது.

கதிரை மேசை எதுவும் இல்லை. எல்லோரும் பாயில் இருந்தார்கள். விடுதிக்கு வரும் விருந்தாளிகளுக்கு அது விசித்திரமாக இருக்கும். எனக்கோ, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் எங்கள் வீட்டு நடு அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் அவருடைய சிநேகிதிகளும் பாயை விரித்து, கால்களை நீட்டி, தாயம் விளையாடியது ஞாபகம் வந்தது. அவர்கள் இப்படி அடக்கமாக இருக்கவில்லை. காய் வெட்டுப்பட்டால் சண்டை பிடிப்பார்கள்.

"இவளவைக்கு ஆரடி சமைச்சுக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"படத்துக்கு வெளியிலை என்னை மாதிரி ஒருத்தி நிண்டிருப்பாள்" என்றாள் நளினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. ஆணி மட்டும் தெரிந்தது. யாரோ ஒரு விருந்தாளி பெட்டியை இடித்து அந்தப் படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டதாம். உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டு, சட்டத்தோடு படத்தைத் துணி அறையில் வைத்திருக்கிறாராம் பிறவ் கெல்லர். அடுத்த கிழமை கண்ணாடி போடக் கொடுப்பாராம். துணி அறைப் பூட்டின் திறப்பு நளினியின் ஏப்ரனில் தொங்கியது.

அடுத்தடுத்த நாட்களில் ஊரைச் சுற்றினேன். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எனக்கு வணக்கம் சொன்னார்கள். வணக்கம் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடுவார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். எங்கள் ஊரில் அது பெரிய அவமரியாதை. ஒரு கடையில் சூடான பாலாடைக் கட்டியை உருளைக்கிழங்கில் ஊற்றித் தந்தார்கள். வயிற்றில் கல்லைப் போட்டதுபோல் கிடந்தது. தெருமுனையில் இரும்புச் சட்டியில் ஒரு கிழவர் கஷ்கொட்டைகளைச் சுட்டு விற்றார். அதுமட்டும் பலாக்கொட்டை சுட்டதுபோல் இருந்தது. தினமும் வாங்கித் தின்றேன்.

குலம் வேலையால் வரும்போது கையில் ஏதாவது இருக்கும். கறிவேப்பிலை கிடையாது, தேங்காய் அபூர்வம். ஆனாலும் மனிதர் கோதுமை மாவை வறுத்து, வெள்ளைத் துணியில் கட்டி, புட்டு அவித்துத் தந்தார். "மச்சாள், ருசியைப் பாக்காதேங்கோ, முயற்சியைப் பாருங்கோ" என்றார். இப்போது அந்த நாட்டில் கறிவேப்பிலை மூட்டையாக விற்கிறார்கள், கோயில் இருக்கிறது, தேர்கூட இழுக்கிறார்களாம். அப்போது ஒன்றுமே இல்லை. அந்தத் துணிப்புட்டைப்போல் ருசியாக நான் பிறகு ஒருநாளும் சாப்பிடவில்லை.

நளினியின் கைகளை மூன்றாம் நாள்தான் சரியாகப் பார்த்தேன். துப்பரவு மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் உரிந்திருந்தது. முன்பு இடதுகை விரல்களில் வீணைத் தந்தி பதிந்து காய்ப்பு இருக்கும். எங்கள் வீட்டில் வீணை படித்தவள் அவள் ஒருத்திதான். பின்னேரம் விளக்கு வைத்த கையோடு தொடங்கினால், ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். நான் லீவுக்கு வந்து பக்கத்து அறையில் சோதனைத் தாள் திருத்திக்கொண்டு, "கொஞ்சம் நிப்பாட்டடி, பிள்ளையளுக்குப் பிழையா மாக்ஸ் போடுறன்" என்று கத்துவேன். காய்ப்பு இல்லாத விரல்களைப் பார்த்தபோது, அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்காதா என்று இருந்தது எனக்கு. வீணை யாழ்ப்பாணத்தில் உறைக்குள் கிடந்தது. இரண்டு வருடமாக அவள் அதைப் பற்றி யாருடனும் கதைத்ததில்லை என்று குலம் சொன்னார்.

சரஸ்வதி பூசை நாள் வந்தது. பெட்டி வரவில்லை.

நேரம் பார்த்துப் பூசை செய்யும் வசதியும் அங்கே இல்லை. ஹோட்டல் குசினியில் வேலை செய்பவர்களுக்கு மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் ஒரு இடைவேளை உண்டு. சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். அந்த நேரம்தான் எல்லோருக்கும் சொந்த நேரம். பஞ்சாங்கம் என்ன சொன்னாலும் சரி, கடவுளும் அந்த நேரத்துக்குள்தான் வந்து போகவேண்டும். பேர்ணில் இருந்தும் லுசேர்ணில் இருந்தும் குலத்தின் கூட்டாளிகள் ஐந்தாறு பேர் வந்தார்கள். கோப்பிக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, மாவிலைக்குப் பதிலாக என்னவோ ஒரு மரத்தின் இலையைச் செருகி, மேலே தேங்காயை வைத்தோம். கடலை இத்தாலியன் கடையில் தகரத்தில் வாங்கினது. எல்லாம் சரி, படம்?

நளினி கீழே போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தக் கண்ணாடி இல்லாத சட்டம் இருந்தது.

அதிலும் ஒரு பெண். ஆனால் அவளுக்கு முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு தந்தி வாத்தியம் கிடந்தது. கோத்தோ என்று பெயராம். வலதுகை விரல்களில் மீட்டுவதற்கு உறை, இடதுகை தந்தியில். தலையைக் கொஞ்சம் சரித்து, தன் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய தாள், முகம் பால் நிறம்.

"மற்றவையின்ரை சாமானைக் கேக்காமல் எடுக்கிறதோ?" என்றேன்.

"ஒரு மணித்தியாலம், அக்கா. உடனை கொண்டுபோய் வைச்சிடுவன். வாத்தியத்தோடை இருக்கிற பொம்பிளை இந்த ஊரிலை இவள் ஒருத்திதான்" என்றாள்.

எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. பேர்ணில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்த மட்டக்களப்பு சிவா தோத்திரம் பாடத் தொடங்கினார். நல்ல குரல். கற்பூரம் கொளுத்தினால் தீ மணி அடிக்கும் என்று பயந்து ஒரு மெழுகுவர்த்தியோடு நிறுத்திக்கொண்டோம். நளினி சின்னத் தட்டில் சந்தனம் குழைத்து, படத்துக்குப் பொட்டு வைக்கக் குனிந்தாள்.

எங்கள் வீடுகளில் சாமிப் படத்துக்குப் பொட்டு வைப்பவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. சின்ன வயதில் இருந்து வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை செய்த வேலை. விரல் சந்தனத்தில் தோயும், நெற்றியில் தொடும், நடுவில் குங்குமம் வைக்கும், அடுத்த படத்துக்குப் போகும். எல்லாம் கண்ணாடிக்கு மேலே. அடுத்த கிழமை துடைத்துவிட்டுப் புதிதாக வைப்போம். நளினியின் விரலும் அப்படித்தான் போனது. சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், கையை எடுத்தாள்.

"கண்ணாடி இல்லை" என்றாள்.

சிவா பாட்டை நிறுத்தினார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். யப்பான் பெண்ணின் நெற்றியில் எங்கள் ஊர்ப் பொட்டு. ஈரச் சந்தனம் தாளில் ஊறிக்கொண்டிருந்தது, குங்குமம் அதோடு சேர்ந்து இறங்கியது. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது மிகவும் பொருத்தமாக இருந்தது. அதைச் சொல்லும் நிலைமையில் யாரும் இல்லை.

குலம் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நீர் சும்மா இரும், குலம். துடைச்சால் முகமும் சேர்ந்து போயிடும்" என்று தடுத்தேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டு நின்றார். பயப்படாமல் என்ன செய்வார்? படம் கெட்டது தெரிந்தால் நளினியின் வேலை போகும். வேலை போனால் அந்த அறையும் போகும். கேஸ் முடியாத நேரத்தில் களவெடுத்தாள் என்று ஒரு சொல் வந்துவிட்டால் அதற்குப் பிறகு யாருக்கு என்ன சொல்வது?

"பேசாமல் கொண்டுபோய்ச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பம். கண்ணாடி போட்டவன் செய்ததெண்டு அவ நினைப்பா" என்றார் குலம்.

"இஞ்சேருங்கோ" என்றாள் நளினி. "இந்தத் துன்னிலை எத்தினை பேர் பொட்டு வைக்கினம்?"

அவளுடைய நெற்றியிலும் காலையில் வைத்த அதே பொட்டு இருந்தது. குலத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிம்மர்ஸ்டுண்டே முடிய எல்லோரும் கடலையை வாயில் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள்.

மறுநாள் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகு, நளினி சட்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனாள். "இங்கிலீசிலை நான் சொல்லுறன்" என்று கூடப் போனேன். "வேண்டாம். நான் செய்ததை நான் சொல்லுறன்" என்று தன்னுடைய ஜெர்மன் மொழியிலேயே தொடங்கினாள். வீணை என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. சொல்லும்போது இடதுகையைக் காற்றில் தந்திமேல் வைப்பதுபோல் வைத்தாள். எங்கள் வழக்கத்தில் வருடத்தில் ஒருநாள் வாத்தியத்துக்குப் பூசை செய்வோம், என் வாத்தியம் ஊரில் இருக்கிறது, அதனால் இவளை வைத்தேன் என்று சொன்னதாகப் பிறகு சொன்னாள்.

பிறவ் கெல்லர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை யன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னதை நளினி எனக்கு அன்று பகல் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கேட்டிருக்கலாம். நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் நீ கேட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். நளினி ஏப்ரனில் இருந்த திறப்பைக் கழற்றிக் கொடுத்தாள். பேர்ணில் பழைய தாள்களைத் திருத்தும் ஒரு பெண்ணிடம் காட்டிவிட்டு மிச்சத்தைப் பேசுவோம் என்று பிறவ் கெல்லர் எழுந்து போய்விட்டார். அன்றில் இருந்து குலம் கண்டவர்களிடம் எல்லாம் அறை விசாரிக்கத் தொடங்கினார். அகதிகளுக்கு அறை தருகிறவர்கள் இரண்டு பேர்கூட இல்லை.

பெட்டியும் அப்போதுதான் வந்து சேர்ந்தது. சரஸ்வதியின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. "தாயே, நீ ரெண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதோ" என்று குலம் படத்தைப் பார்த்துக் கேட்டார். சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்று நளினி சொன்னாள். படம் மேசையிலேயே சாய்ந்து நின்றது.

பேர்ணுக்குப் போக என்னையும் வரச்சொன்னார் பிறவ் கெல்லர். அந்தப் பொட்டு எதில் செய்தது என்று திருத்துபவளுக்குத் தெரியவேண்டுமாம். ரயில் முழுக்க அவர் மடியில் படம் வைத்த மட்டையைப் பிடித்துக்கொண்டு யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். நான் வாய் மூடி இருப்பது உலக அதிசயம். பேர்ணில் தடக்கென்று ஒரு ட்ராமில் ஏறினேன். ஏறிய பிறகு பார்த்தால் அவர் கீழே நிற்கிறார், அது வேறு ட்ராம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மூச்சு வாங்கத் திரும்பி ஓடி வந்தேன். அவர் அதே இடத்தில் மட்டையோடு நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது.

தாள் திருத்தும் பெண் வெண்மேலங்கி போட்டிருந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு, அதுதான் குங்குமம் என்றேன். என் கைப்பையில் இருந்த டப்பியில் ஒரு துளி எடுத்து வேறு தாளில் வைத்து, ஏதோ ஒரு திரவத்தை விட்டுப் பார்த்தாள். சிவப்பு மஞ்சளானது. சந்தனத்தைத் தூரிகையால் எடுத்துவிடலாம், சிவப்பு போகாது, மஞ்சளாக மாற்றலாம், அதற்கும் மேலே போனால் முகத்தின் நிறமும் போகும் என்றாள்.

"மஞ்சள் இதைவிட மோசம். சந்தனத்தை மட்டும் எடுங்கள்" என்றார் பிறவ் கெல்லர்.

அவள் வேலை செய்து முடிக்கும்வரை பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் இருந்தோம். வாதுமைக் கேக் வாங்கித் தந்தார். நான் அதை முள்ளுக்கரண்டியால் சின்னச் சின்னத் துண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னுடைய தங்கையை அனுப்பிவிடப் போகிறீர்களா?" என்று இங்கிலீசில் நேராகவே கேட்டேன்.

"அதை நான் உங்களிடம் சொல்ல மாட்டேன். அவளிடம் சொல்வேன்" என்றார்.

பிறகு சீனிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தானாகவே கதைக்கத் தொடங்கினார். கணவரின் பாட்டனார் யப்பானில் பட்டு வியாபாரம் செய்தவராம், அவர் கொண்டுவந்த படங்களாம். கலியாணம் செய்து அந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், மாமியார் இவரைப் படிப் படியாக ஏற்றி, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நிறுத்தி, பெண்கள் எவ்வளவு அழகாக இருக்கப் பழகியிருக்கிறார்கள் பார் என்று காட்டினாராம். அடுத்த நாள் காலையில் வாளியையும் துணியையும் கையில் கொடுத்தாராம்.

"அன்றில் இருந்து அவர்களை நான் துடைக்கிறேன்" என்றார் பிறவ் கெல்லர். "அவர்கள் பூ வைத்தார்கள், சீட்டு விளையாடினார்கள், தேநீர் குடித்தார்கள். எனக்காக ஒரு கோப்பை கழுவியதில்லை."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக்கூடாத நேரம் என்று பயந்தேன். அவரும் சிரித்தார். ஆனால் கோபம் போய்விட்டது என்று அந்தச் சிரிப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை. திரும்பி வரும்போதும் மட்டையை என் கையில் தரவில்லை.

பிறகு ஒரு கிழமை ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒரு கிழமையில் நளினி வீட்டைத் தேய்த்த தேய்ப்பில் கைப்பிடிகள் எல்லாம் பளபளத்தன. படுக்கை விரிப்பு வேண்டுமென்றால் பிறவ் கெல்லரிடம் கேட்டு, அவர் வந்து துணி அறையைத் திறந்து கொடுக்கும்வரை வாசலில் நின்றாள். ஒரு நாள் பின்னேரம் அறையில், "அம்மாவுக்கு என்னெண்டு சொல்லப் போறியள்?" என்று கேட்டாள். சுகம் என்றுதான் சொல்வேன் என்றேன். "ஓம், அப்பிடியே சொல்லுங்கோ" என்றாள். நான் வெளியே போய்க் கஷ்கொட்டை வாங்கி வந்து உரித்துக் கொடுத்தேன். வேறு எதைச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் காலை. நளினியும் நானும் முகம் மறையும் அளவுக்கு விரிப்புகளைச் சுமந்துகொண்டு படியேறிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடித் திருப்பத்துக்குச் சற்று மேலே வரும்போது, கீழே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தோம். வெறுமையாக இருந்த ஆணியில் படம் தொங்கியது. புதுக் கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே, கோத்தோ வாசிக்கும் பெண்ணின் நெற்றியில் சிவப்புப் பொட்டு. அதற்கு முன்னால் ஒரு விருந்தாளித் தம்பதி, கூட பிறவ் கெல்லர்.

"என்ன கேக்கினம்?" என்று கிசுகிசுத்தேன்.

"படம் பழுதாப் போச்சோ எண்டு கேக்கினம்" என்றாள் நளினி. கையில் இருந்த விரிப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பிறவ் கெல்லர் பதில் சொன்னார். நீளமாகச் சொன்னார். நளினி மொழிபெயர்க்கவில்லை.

"என்னடி சொல்லுறா?"

"பழுதில்லையாம்." அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "தங்கடை வீட்டிலை ஒரு சங்கீதக்காரி இருக்கிறாவாம். அவவின்ரை ஊரிலை வாத்தியம் வாசிக்கிறவையை வருசத்திலை ஒருநாள் இப்பிடி மரியாதை செய்யிறவையாம். அவ செய்ததாம்."

அந்தத் தம்பதி தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். பிறவ் கெல்லர் மேலே ஏறி வந்து எங்களைக் கண்டார். நாங்கள் கேட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரியும்.  நளினியிடம் கடைக்குப் போகச் சொல்கிற குரலில் ஏதோ சொன்னார். ஜனவரியில் மேல் அறை நன்றாகக் குளிரும், இப்போதே இன்னும் இரண்டு போர்வை எடுத்து வை என்றாராம்.

நளினி, "யா, பிறவ் கெல்லர்" என்றாள். கையில் இருந்த விரிப்புகளை என்னிடம் தந்தாள். தந்துவிட்டு, அறைகள் ஒன்றும் முடியாத அந்தக் காலை வேளையில், படியில் அப்படியே கால் மடித்து இருந்துவிட்டாள். இரண்டு கையும் மடியில். பக்கத்துச் சுவரில் அவளுக்கு மேலே சிப்பி விளையாடும் பெண்கள், கீழே தேத்தண்ணிக் கிண்ணத்தை ஏந்தியவள்.

பிறவ் கெல்லர் எழும்பு என்று சொல்லவில்லை. பாவாடையை ஒரு கையால் சற்றுத் தூக்கிக்கொண்டு, அவளைச் சுற்றிப் போய், மூன்றாம் மாடி அறைகளைத் தானே திறந்தார்.